பனாமாவில் இருந்த மைதானம்

வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை மீனம்மா அக்காவுக்கு வேலை இல்லை. குவைத்தில் அவர் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போவார்கள். மற்ற ஆறு நாளும் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் அவருக்குப் போன் கைக்கு வரும். அப்போது இங்கே மகள் நித்திரை.

அங்கே இரண்டு மணி என்றால் இங்கே நாலரை. அதனால்தான் பளை அணியோடு நடக்கவிருந்த கரப்பந்தாட்ட இறுதிப் போட்டியை நாலரைக்கு வைக்கச் சொல்லி தேனுகா கேட்டாள். தேனுகா மீனம்மா அக்காவின் மகள். எங்கள் ஊர்ப் பெண்கள் அணியில் ஏழாம் இலக்கம். தாய் போகும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, இப்போது பதினேழு. இடையில் அவள் விளையாடப் பழகி, மாவட்ட அணி வரைக்கும் போய்விட்டாள். தாய் அவள் அடித்த ஒரு பந்தையும் பார்த்ததில்லை.

விளையாட்டுக் கழகச் செயலாளர் விதுசன் அண்ணா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாலரைக்குத் தொடங்கினால் மூண்டாவது செற்றுக்கு வெளிச்சம் காணாது."

"மூண்டாவது செற் வராது அண்ணா. ரெண்டிலயே முடிப்பம்."

"பளைப் பிள்ளையளுக்கு அதைச் சொன்னனியோ?"

"வரட்டும், சொல்லுவம்."

அவர் சிரித்துவிட்டு நோட்டீசில் நேரத்தை மாற்றினார்.

மைதானம் பாடசாலைக்குப் பின்னால், காட்டோரம். நெடுங்கேணியிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ். போன் சிக்னல் வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏறி நிற்க வேண்டும். பாடசாலை அலுவலகத்துக்கு மட்டும் கம்பி வழியாக இணையம் வருகிறது. கழகத்தில் முன்பு விளையாடிய ஒருவர் சுவிசிலிருந்து மூன்று வைஃபை பெட்டிகள் அனுப்பியிருந்தார். போட்டிகளை அங்கிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெட்டிகளில் ஒன்று அலுவலகச் சுவரிலும், ஒன்று புள்ளி எழுதும் மேசைக்குப் பக்கத்துக் கம்பத்திலும், ஒன்று மைதானத்தின் மறுமுனையில் தேத்தண்ணிக் கொட்டிலோடு நின்ற வேப்பமரத்திலும் இருந்தன. மூன்றுக்கும் அலுவலகத்திலிருந்து வயர் போனது.

அவற்றைக் கட்டியவர் வீரகத்தி மாமா. எங்கள் பக்கத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கம்பத்தில் ஏறுகிற வேலை எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கோயில் திருவிழா, கலியாணம், செத்த வீடு, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிதான். மைக்கைப் பிடித்து அறிவிப்பதும் அவர்தான்.

நான் கம்பஸில் பௌதிகவியல் படித்தவள். பாடசாலையின் கணினி அறையில் தற்காலிகமாக வேலை செய்கிறேன். பெட்டிகளைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மெதுவாகத்தான் சொல்லியிருப்பேன்.

காலையில் மூன்றாம் இடத்துக்கான போட்டி நடந்தது. அப்போது பெட்டிகளின் பலம் நடுத்தரத்தில் இருந்தது. விதுசன் அண்ணா தன் போனில் படம் அனுப்பிப் பார்த்தார். மல்லாவி அணி வென்றதும் சுவிஸ்காரர் உடனேயே வாழ்த்து அனுப்பினார். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

மத்தியானம் வீரகத்தி மாமா மேசையிலிருந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார். பெட்டிகளைக் கட்டுப்படுத்தும் செயலி அவருடைய போனில் இருந்தது.

"என்ன செய்யிறீங்கள் மாமா?" என்று விதுசன் அண்ணா கேட்டார்.

"பலத்தைக் கூட்டுறன்."

"காலமை நல்லாத்தானே போச்சு?"

"அது மூண்டாம் இடத்துக்கு. இது பைனல். பைனலுக்குக் கூட்டாமல் விடுறதோ?"

அது அவருடைய தொழில் முறை. திருவிழாவின் முதல் நாளில் அம்பிளிபயரை அரைவாசியில் வைப்பார். தேரன்று முழுவதும் திருகுவார். இல்லாவிட்டால் ஊர்ச்சனம் கோபித்துக்கொள்ளும். வீரகத்திக்கு வயது போய்விட்டது என்று கதை வரும்.

"இதில ஒரு வில்லங்கம் தம்பி," என்றார். "எந்த நாடு எண்டு கேக்குது. இலங்கை எண்டு போட்டால் ஒரு அளவுக்கு மேல கூட்ட விடுதில்லை. ஒவ்வொரு நாடாப் போட்டுப் பாத்தன். பனாமா நல்லா விடுது."

"பனாமா எங்க இருக்கு மாமா?"

"எங்க இருந்தால் என்ன? தாராளமான ஆக்கள் போல."

அப்படித்தான் எங்கள் மைதானம் அன்று மத்தியானத்திலிருந்து பனாமாவில் இருந்தது.

நான் மேசைக்குப் பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றேன். "கூட்டினால் பிழையாப் போகும்" என்று சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் அதே நேரம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்ல நான் துணியவில்லை.

நாலு இருபத்தைந்துக்கு இராசேஸ்வரி அக்கா வந்தார். மீனம்மா அக்காவின் மூத்த சகோதரி. தேனுகாவை வளர்ப்பது அவர்தான். நல்ல சேலை உடுத்தி, பூ வைத்து, கையில் போனோடு வந்தார். மேசைக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைக்க நான் ஒரு தாங்கி செய்து வைத்திருந்தேன். மைதானம் முழுவதும் தெரிகிற மாதிரிப் போனை அதில் வைத்து, குவைத்துக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம்.

மீனம்மா அக்காவின் முகம் வந்தது. குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார். அவரும் பூ வைத்திருந்தார். அங்கே எங்கே வாங்கினாரோ.

"அக்கா, தெரியுது... இல்லை... நிண்டிட்டுது," என்றார். குரல் துண்டு துண்டாக வந்தது.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் இராசேஸ்வரி அக்கா.

"ஒரு மனிசன். வாயில விசில் வைச்சிருக்கிறார். அப்பிடியே நிக்கிறார்."

நடுவர் எப்போதோ போய்த் தன் ஏணியில் ஏறிவிட்டார். போட்டி தொடங்கிவிட்டது. தேனுகா சேர்விஸ் போட்டாள், பந்து வலைக்கு மேலால் போனது, பளைப் பிள்ளைகள் எடுத்தார்கள், திரும்பி வந்தது, தேனுகா பாய்ந்து அடித்தாள். மைதானம் கத்தியது.

"என்ன சத்தம்? என்ன நடந்தது?" குவைத்திலிருந்து குரல்.

"உன்ர மகள் அடிச்சிட்டாளடி!"

"எனக்கு இன்னும் விசில்காரர்தான் நிக்கிறார் அக்கா."

இராசேஸ்வரி அக்கா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். மேல் மூலையில் வைஃபை கோடுகள் நாலும் நிறைந்து நின்றன. ஆனால் போன் பிடித்திருந்தது இரண்டு முழத்தில் இருந்த கம்பத்துப் பெட்டியை அல்ல, வாசலால் வரும்போதே பிடித்த, நூறு மீற்றருக்கு அப்பால் அலுவலகச் சுவரில் இருந்த பெட்டியை. அந்தப் பெட்டி இவ்வளவு பலமாகப் பேசும்போது கிட்ட இருக்கிறதைத் தேட வேண்டும் என்று போனுக்குத் தோன்றவில்லை. மீனம்மா அக்காவின் முகமும் குரலும் ஒருமாதிரி எங்களிடம் வந்துகொண்டிருந்தன. எங்களிடமிருந்துதான் ஒன்றும் போகவில்லை.

ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு தேனுகா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். ஆறு தடவை ஆட்டினேன். ஏழாவது தடவை அவள் பார்க்கும்போது நான் நிலத்தைப் பார்த்தேன்.

"மாமா, படம் போகேல்லையாம்," என்று விதுசன் அண்ணா வீரகத்தி மாமாவிடம் சொன்னார்.

"அதெப்பிடி? நாலு கோடும் நிறைஞ்சு நிக்குது. இதுக்கு மேல கூட்ட இடம் இல்லை," என்றார் அவர். பிறகு யோசித்து, "வேற நாடு ஏதும் பாக்கட்டோ?" என்றார்.

முதல் செற்றைப் பளை வென்றது. இருபத்தைந்துக்கு இருபத்தொன்று. இங்கே நாலு ஐம்பத்திரண்டு. மீனம்மா அக்காவின் ஒரு மணித்தியாலத்தில் இருபத்திரண்டு நிமிடம் ஒரு விசில்காரரோடு போய்விட்டது.

அறிவிப்பாளருக்குத் துண்டு எழுதிக் கொடுப்பது எங்கள் ஊரில் வழக்கம். பிள்ளையைக் காணவில்லை, செருப்பு மாறிவிட்டது, இன்னார் பத்துத் தேங்காய் அன்பளிப்பு, எதுவானாலும் ஒரு துண்டில் எழுதி மேசைக்கு அனுப்பினால் போதும். நேரே போய் வாய் திறக்கத் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. புள்ளி எழுதும் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழித்து எழுதினேன்.

"வீரகத்தி மாமாவுக்கு, வைஃபை பெட்டி மூன்றின் பலத்தையும் குறையுங்கோ. கூட்டியதால்தான் படம் போகவில்லை. சுமித்திரா."

நான் மறந்துபோன விடயம் ஒன்று உண்டு. வீரகத்தி மாமா வருகிற துண்டுகளை வருகிற ஒழுங்கில் மைக்கில் வாசிப்பார். வாசித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று யோசிப்பார்.

"அடுத்த அறிவித்தல்! வீரகத்தி மாமாவுக்கு... அது நான்தானே... வைஃபை பெட்டி மூன்றின் பலத்தையும் குறையுங்கோ. கூட்டியதால்தான் படம் போகவில்லை. சுமித்திரா!"

ஐந்நூறு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்நூறு இருக்காது. எனக்கு அப்படித்தான் இருந்தது.

"கேட்டியளோ சனங்களே! குறைச்சால் கூடுமாம்! எங்கட கம்பஸ் பிள்ளை சொல்லுது!"

"அப்ப சோத்தைக் குறைச்சால் வயிறு நிரம்புமோ?" என்று தேத்தண்ணிக் கொட்டில் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

"நீ தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைச்சனி, இனிச்சதோ?" என்று இன்னொரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வீரகத்தி மாமாவும் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் என் காது இரண்டும் கொதித்தன. கதிரைகளுக்குப் பின்னால் போய் நின்றுவிடலாம் என்று நினைத்தேன். அப்போது தாங்கியில் இருந்த போனிலிருந்து மீனம்மா அக்காவின் குரல் வந்தது.

"அக்கா... நீங்கள் கதையுங்கோ. என்ன நடக்குதெண்டு சொல்லிக்கொண்டிருங்கோ. எனக்கு அது காணும்."

அது காணாது என்று எனக்குத் தெரியும். இராசேஸ்வரி அக்காவுக்கும் தெரியும். அவர், "இப்ப ரெண்டாவது செற் தொடங்குது, உன்ர பிள்ளை முன்னுக்கு நிக்கிறாள், பச்சை உடுப்பு," என்று வானொலி மாதிரிச் சொல்லத் தொடங்கினார்.

நான் மேசைக்குப் போனேன். போய் வீரகத்தி மாமாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் வேறொரு அறிவித்தலில் இருந்தார்.

"சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒண்டு வாசலை மறிச்சு நிக்குது. பளைப் பிள்ளையளின்ர பஸ் திரும்பேலாது. இளையதம்பி, உன்ர சைக்கிள்தான். எங்க நிண்டாலும் உடன வந்து எடு!"

குளக்கட்டின் மேல், எட்டத்தில், ஓர் உருவம் கையைத் தூக்கியது. இளையதம்பி சிக்னல் பிடிக்கப் போயிருந்தான். வாயில் கையைக் குவித்து எதையோ கத்தினான்.

"என்னடா சொல்றாய்? கேக்கேல்லை!" என்றார் மாமா மைக்கில்.

அவன் திரும்பவும் கத்தினான். கையைக் காட்டினான். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"நெஞ்சு நோகுதோ? சத்தமாச் சொல்லடா! ஒண்டும் கேக்கேல்லை!"

மைக்கில் அவர் சொன்னது காடு முழுவதும் கேட்டிருக்கும். குளக்கட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மாமா சலித்துப் போய் மைக்கை இறக்கினார்.

"மாமா," என்றேன்.

"என்ன பிள்ளை? துண்டை வாசிச்சிட்டன்."

"நீங்கள் கதைக்கிறது இளையதம்பி அண்ணாவுக்குக் கேக்குது. அவர் கதைக்கிறது உங்களுக்குக் கேக்கேல்லை."

"ஓம். அவனிட்ட மைக் இல்லையே."

"போனிட்டயும் மைக் இல்லை மாமா."

அவர் என்னைப் பார்த்தார்.

"பெட்டியைத்தான் கூட்டினீங்கள். போனைக் கூட்டேல்லை. பெட்டி கதைக்கிறது போனுக்கு நல்லாக் கேக்குது, அதுதான் நாலு கோடு. போன் அனுப்புற படம் அவ்வளவு தூரத்துப் பெட்டிக்குக் கேக்கேல்லை."

"கிட்டவும் ஒரு பெட்டி கட்டினனான் தானே?"

"தூரத்துப் பெட்டியின்ர சத்தத்தில இதைப் போன் கவனிக்கேல்லை." எனக்கு மூச்சு வாங்கியது. இவ்வளவு நீளமாக ஒருவரிடம் நான் பேசியதில்லை. "அதோட மூண்டும் ஒரே சனல், ஒரே அலைவரிசை. ஒண்டு கதைக்கேக்க மற்ற ரெண்டும் பேசாமல் நிக்க வேணும். முந்தி ஒண்டின்ர சத்தம் மற்றதுக்கு அவ்வளவா எட்டேல்லை. இப்ப கூட்டினபடியா எட்டுது. ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து குழம்புது."

வீரகத்தி மாமா மைதானத்தின் நாலு மூலையிலும் கட்டியிருந்த தன் ஒலிபெருக்கிகளை ஒருமுறை பார்த்தார். எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து நின்றன.

"நீங்கள் அதுகளை ஒண்டையொண்டு பாக்கக் கட்டமாட்டீங்கள் தானே?" என்றேன்.

"கட்டமாட்டன். குழம்பும். மைக்குக்கு நேர பிடிச்சால் கூவும்."

"இது கூவுறது எங்களுக்குக் கேக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அட கடவுளே," என்றார் வீரகத்தி மாமா. "பிள்ளை, இதை முதலே மைக்கில சொல்லியிருக்கலாமே!"

தன் போனை என் கையில் வைத்தார். நல்ல மனிதர்கள் தங்கள் பிழையை ஒத்துக்கொள்வது இப்படித்தான், ஒரு நொடியில், சத்தமாக. மறு கையால் மைக்கை எடுத்தார்.

"சனங்களே, ஒரு திருத்தம்! பிள்ளை சொன்னதுதான் சரி. வீரகத்தி சொன்னது பிழை. இப்ப பிள்ளை முதலாவது பெட்டியைக் குறைக்குது!"

"மாமா, அதைச் சொல்ல வேண்டாம்," என்றேன்.

"சொல்ல வேண்டாமாம்! பிள்ளைக்கு வெக்கம்! இப்ப நாட்டை மாத்துது. நாங்கள் திரும்பி இலங்கைக்கு வாறம்!"

மைதானம் கைதட்டியது. இரண்டாவது செற்றில் பளை பதின்மூன்று, நாங்கள் பன்னிரண்டு. விளையாட்டு ஒரு பக்கம், வைஃபை ஒரு பக்கம் என்று சனம் தலையை மாற்றி மாற்றித் திருப்பியது. பளைப் பயிற்றுநர் எங்களைப் பார்த்து என்ன நடக்கிறது என்று கையால் கேட்டார். விதுசன் அண்ணா அவருக்கு விளங்கப்படுத்தப் போனார்.

மூன்று பெட்டிகளுக்கும் மூன்று வேறு அலைவரிசை கொடுத்தேன். அலுவலகத்துப் பெட்டியை ஆகக் குறைவாக வைத்தேன். கம்பத்துப் பெட்டியும் மரத்துப் பெட்டியும் நடுத்தரம். ஒவ்வொரு பெட்டியும் அணைந்து திரும்ப எரிய ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. கம்பத்துப் பெட்டியின் சிறிய விளக்கு நீலமாக மாறும் வரைக்கும் வீரகத்தி மாமாவும் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய வாய் திறந்திருந்தது. மைக்கும் திறந்திருந்தது. அவர் மூச்சு விடுவது மைதானம் முழுவதும் கேட்டது.

அந்த நேரம் இளையதம்பி ஓடிவந்து சேர்ந்தான்.

"மாமா! சாவி உங்கட சட்டைப் பையிலதான் கிடக்கு! காலமை நீங்கள்தானே வாங்கி வைச்சனீங்கள்!"

மாமா தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். சாவியை எடுத்துக் கொடுத்தார். அதை மட்டும் அவர் மைக்கில் அறிவிக்கவில்லை.

நீலம் வந்தது. நான் தாங்கியடிக்கு ஓடினேன். போனில் கோடுகள் மூன்றாகியிருந்தன.

"ஒண்டு குறைஞ்சிட்டுதே!" என்றார் இராசேஸ்வரி அக்கா பயந்துபோய்.

"பரவாயில்லை அக்கா. திரும்ப எடுங்கோ."

எடுத்தார். மீனம்மா அக்காவின் முகம் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கண் அசைந்தது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். பந்து போகிற பக்கமெல்லாம் அந்தக் கண்ணும் போனது.

"விசில்காரர் ஏணியில நிக்கிறார்," என்றார் மெல்ல. "எல்லாம் ஓடுது அக்கா. பந்து ஓடுது."

"தெரியுதோ?"

"தெரியுது. வடிவாத் தெரியுது. எங்க என்ர பிள்ளை?" பிறகு, "அக்கா, அந்த நீட்டுப் பிள்ளை ஆர்? ஏழாம் நம்பர். நல்ல உயரம். ஆற்ற பிள்ளை அது?"

இராசேஸ்வரி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து வருடமாகப் போனில் அவர்கள் பார்த்துக்கொண்டது முகத்தைத்தான். அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று முகத்தில் தெரியாது.

"அது தேனுகா," என்று நான் சொன்னேன்.

குவைத்தில் மீனம்மா அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். போன் எதன் மேலோ சாய்ந்து, குசினியின் கூரை தெரிந்தது. கூரைக்கு அப்பாலிருந்து சிரிப்பு வந்தது. அழுகையும் இருந்திருக்கும், சிரிப்புத்தான் எங்களுக்குக் கேட்டது.

"என்னைவிட உயரம்! அப்பாவைப் போல! அக்கா, நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லையே!"

"ஒவ்வொரு வருசமும் சட்டை காணாது எண்டு சொன்னனான் தானே!"

தேனுகா சேர்விஸ் போடப் பந்தோடு கோட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்துக் களைத்துப் போயிருந்தாள். தலையை ஆட்டிக் காட்ட வழியில்லை. துண்டு எழுத நேரமில்லை.

"தேனுகா!" என்று கத்தினேன். "அம்மா பாக்கிறா!"

மைக் இல்லாமல். அது என்னுடைய குரல்தான் என்று தெரிய எனக்கே ஒரு கணம் எடுத்தது.

அவள் திரும்பினாள். போனைப் பார்த்தாள். கையிலிருந்த பந்தைப் பார்த்தாள். நடுவர் விசில் ஊதினார். அவள் அடித்த பந்து நேரே வலைக்குள் போய் விழுந்தது. தாய் கண்ட அவளுடைய முதல் சேர்விஸ் அதுதான்.

"ஐயோ!" என்றது குவைத்.

மைதானம் சிரித்தது. தேனுகாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பந்து எங்கே வந்தாலும் அங்கே நின்றாள். மேலே போனாள், கீழே விழுந்தாள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். மீனம்மா அக்கா ஒவ்வொரு பந்துக்கும் கத்தினார். "விடாதை, விடாதை... பின்னுக்கு... அடி!" இரண்டாவது செற் எங்களுக்கு. இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு.

மூன்றாவது செற் வந்தது, பதினைந்து புள்ளிக்கு. வராது என்று தேனுகா சொன்ன செற். வெளிச்சம் காணாது என்று விதுசன் அண்ணாவும் சொல்லியிருந்தார். ஆனால் போதுமாக இருந்தது. சூரியன் மரத்துக்குக் கீழே இறங்கி, வலையின் நிழல் மைதானம் முழுவதும் நீண்டு கிடந்தது. ஒன்பதுக்கு ஒன்பது. பதினொன்றுக்குப் பதினொன்று. பளைத் தலைவி நன்றாக விளையாடினாள். அதையும் சொல்ல வேண்டும்.

ஐந்தரை ஆனது.

பன்னிரண்டுக்குப் பதின்மூன்றில் குவைத்தில் கார் ஹோர்ண் கேட்டது. மீனம்மா அக்கா எழும்பினார்.

"வந்திட்டினம்."

"வைச்சிட்டுப் போ மீனம்மா," என்றார் இராசேஸ்வரி அக்கா. "பிறகு சொல்றம்."

"இல்லை. நில்லுங்கோ."

அவர் வைக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி நடந்தார். திரையில் கதவு, படி, ஒரு முற்றம், பெரிய இரும்புக் கேற் எல்லாம் ஆடி ஆடி வந்தன. ஒரு கையால் கேற்றைத் தள்ளினார். வெள்ளைக் காரின் முன்பக்கம் தெரிந்தது. யாரோ அரபியில் ஏதோ கேட்டார்கள். மீனம்மா அக்கா அரபியில் ஏதோ சொன்னார். பிறகு தமிழில், "அவளிட்டப் போகுது பந்து!" என்றார். ஒரு சின்னப் பெண்பிள்ளையின் முகம் திரைக்குள் புகுந்து எங்களைப் பார்த்தது. இன்னொரு முகமும் வந்தது.

பதின்மூன்றுக்குப் பதினாலு, பளை முன்னால். பந்து உயர எழும்பியது. தேனுகா ஓடிவந்து பாய்ந்தாள். அன்று முழுவதும் அவள் அவ்வளவு உயரம் பாயவில்லை. அடித்த சத்தம் தனியாகக் கேட்டது. பந்து எல்லோரையும் தாண்டி, கோட்டையும் தாண்டி, ஒரு சாண் வெளியே விழுந்தது.

கோட்டில் நின்றவர் கொடியைத் தூக்கினார். பளைப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். வீரகத்தி மாமா மைக்கை இறக்கினார்.

தேனுகா நேரே எங்களிடம் ஓடி வந்தாள். வியர்வையும் புழுதியுமாகப் போனுக்கு முன்னால் முழங்காலில் நின்றாள்.

"அம்மா! பாத்தனீங்களோ?"

"பாத்தன்!"

வீரகத்தி மாமா ஓடிவந்து மைக்கைப் போனுக்குக் கிட்டப் பிடித்தார். அவருடைய நாலு ஒலிபெருக்கியிலும் குவைத் கேட்டது.

"எல்லாம் பாத்தன் பிள்ளை! கடைசிப் பந்தை வெளியில அடிச்சதையும் பாத்தன்! இடப்பக்கம் ஒருத்தரும் நிக்கேல்லை. மெல்லத் தட்டி விட்டிருக்கலாமே! ஏனடி உவ்வளவு பலமா அடிச்சனி?"

முதலில் சிரித்தது பளை அணிதான். பிறகு எல்லோரும்.

"ஓம் அம்மா," என்றாள் தேனுகா. வாய் காது வரை போயிருந்தது. "ஓம் அம்மா. ஓம்."

"அடுத்த முறை இடப்பக்கம் பாத்து..." என்று மீனம்மா அக்கா தொடங்கினார். யாரோ கூப்பிட்டார்கள். "வாறன்" என்று அவர் தமிழிலேயே பதில் சொன்னார். அழைப்பு நின்றது. அங்கே மூன்று மணி கடந்து எட்டு நிமிடம்.

இரண்டு அணிகளும் கை கொடுக்க வலைக்குக் கிட்ட வரிசையாக நின்றன. தேனுகா கடைசியாக ஓடிப்போய்ச் சேர்ந்தாள். பளைத் தலைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வெளியில அடிச்சதை எங்கட அம்மா பாத்தவா," என்றாள்.

"தோத்துப்போட்டு ஏன் இப்பிடிச் சிரிக்கிறாய்?" என்று கேட்டாள் அவள்.

தேனுகா அவளுக்குப் பதில் சொல்லாமல் அடுத்தவளின் கையைப் பிடித்தாள். "நான் வெளியில அடிச்சதை எங்கட அம்மா பாத்தவா," என்று அவளிடமும் சொன்னாள். வரிசையில் ஆறு பேர். ஆறு பேரிடமும் சொன்னாள்.